ஓடைக்கு ஒரு ஆடிட்டர்

ஏற்காட்டுக்கு ஒரு தடவையாவது போயிருப்பீர்கள். சேலத்தில் பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போய், ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் நின்று ராத்திரி நேரத்துச் சேலத்தின் விளக்குகளைப் பார்த்து, அரைக் கிலோ காப்பித்தூளும் கொஞ்சம் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்கியிருப்பீர்கள்.

அடுத்த முறை போகும்போது அந்தப் பட்டியலில் இன்னொரு ஐட்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பைசா செலவில்லை. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே சலசலத்து ஓடுகிற ஏதாவது ஒரு சின்ன ஓடை போதும். கணுக்கால் அளவுத் தண்ணீர். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கி, உள்ளங்கை அகலக் கல் ஒன்றை எடுத்து மெதுவாகப் புரட்டிப் பாருங்கள்.

முதலில் ஒன்றும் தெரியாது. ஈரக் கல். கொஞ்சம் பாசி. அவ்வளவுதான் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு பத்து விநாடி பொறுங்கள். கல்லின் அடிப்பக்கம் மெல்ல நகர ஆரம்பிக்கும். அரிசி நீளத்தில், தட்டையாக, வாலை ஆட்டிக்கொண்டு ஒரு ஜந்து வெளிச்சம் படாத பக்கமாக ஓடும். பக்கத்திலேயே மணல் துகள்களை ஒட்டவைத்துச் செய்த ஒரு குட்டிக் குழாய். குழாய்தானே என்று பார்த்தால், அதற்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கும்!

யார் இவர்கள்? இந்தக் கேள்வியை உலகத்தில் முதன்முதலாக உட்கார்ந்து யோசித்துப் பதில் எழுதிவைத்தவர்களில் விஞ்ஞானிகள் உண்டு. ஆனால், விஞ்ஞானிகளைவிட மும்முரமாகத் தேடியவர்கள் வேறு ஒரு கோஷ்டி. தூண்டில்காரர்கள். நோக்கம் என்னவோ அறிவு வளர்ச்சி அல்ல. சுத்தமான ஏமாற்று வேலை. மீனை ஏமாற்ற வேண்டும். அதற்காக ஏறக்குறைய 1,800 வருஷங்களாக மண்டையை உடைத்துக்கொண்ட கதை இது. அந்தக் கதை எப்படியோ நம் நீலகிரிக்கு வந்து, மதுரையைத் தொட்டு, கடைசியில் நாம் குடிக்கிற தண்ணீரில் வந்து நிற்கிறது.

நமக்குத் தெரிந்த மீன்பிடி எளிமையானது. தூண்டில் முள்ளில் மண்புழு. முடிந்தது ஜோலி. ஆனால், குளிர்ந்த மலையோடைகளில் வாழும் டிரவுட் என்கிற மீன் கொஞ்சம் ராஜ பரம்பரை. ஓடையின் வேகத்துக்கு எதிராக நின்றபடி, தண்ணீரில் மிதந்து வருகிற பூச்சிகளை லபக் லபக்கென்று பிடித்துச் சாப்பிடும். அந்தப் பூச்சியை முள்ளில் கோக்கலாம் என்றால் முடியாது. கை பட்டாலே நசுங்கிவிடும். என்ன செய்வது?

கி.பி. 200 வாக்கில் ஏலியன் என்கிற ரோமானிய எழுத்தாளர் ஒரு சங்கதியை எழுதிவைத்தார். மாசிடோனியா நாட்டில் ஓர் ஆறு. அங்கே உடம்பெல்லாம் புள்ளி போட்ட மீன்கள். அந்த ஊர்க்காரர்கள் முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டி, அதில் சேவலின் இறகு இரண்டைச் சேர்த்து, பூச்சி மாதிரியே ஜோடித்துத் தண்ணீரில் விடுகிறார்கள். மீன் ஏமாந்து கவ்வுகிறது. எழுத்தில் கிடைக்கிற மிகப் பழைய 'பொய்ப்பூச்சி' இதுதான். ஆங்கிலத்தில் இந்த வித்தைக்குப் பெயர் ஃப்ளை ஃபிஷிங்.

பிறகு இங்கிலாந்துக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 1496-ல் அங்கே அச்சான தூண்டில் நூல் ஒன்று, மாதவாரியாகப் பன்னிரண்டு பொய்ப்பூச்சிகளைச் சொல்கிறது. நம் பஞ்சாங்கம் மாதிரி. எந்த மாதத்தில் எந்தப் பூச்சி ஆற்றில் பறக்குமோ, அந்த மாதத்தில் அதே நிறத்து நூல், அதே நிறத்து இறகு.

இறகு என்றதும் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நம்ம ஊர் சம்பந்தப்பட்டது. தென்னிந்தியக் காடுகளில் சாம்பல் நிறக் காட்டுக்கோழி உண்டு. சேர்வராயன் மலைப் பக்கத்திலும் அதன் கூவலைக் கேட்கலாம். அந்தச் சேவலின் கழுத்து இறகில் மெழுகு சொட்டியது மாதிரி பளபளப்பான புள்ளிகள் இருக்கும். தண்ணீரில் நனைந்தாலும் அந்தப் பளபளப்பு போகாது. பொய்ப்பூச்சிக்குக் கண் வைக்க இதைவிட உத்தமமான சரக்கு உலகத்தில் இல்லை என்று கண்டுகொண்ட வெள்ளைக்காரர்கள், கழுத்துத் தோலோடு உரித்து மூட்டை மூட்டையாகக் கப்பலேற்றினார்கள். பிரிட்டனின் பொய்ப்பூச்சிப் பெட்டிகளில் நம் காட்டுச்சேவல் நிரந்தர உறுப்பினர் ஆனது இப்படித்தான். 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பறவைக்குச் சட்டத்தின் காவல் கிடைத்தது.

சரி, பூச்சிக்கு வருவோம்.

மாதவாரிப் பட்டியல் எல்லாம் அனுபவத்தில் வந்தது. தாத்தா சொன்னார், அப்பா செய்தார், நானும் செய்கிறேன் ரகம். அந்தப் பழுப்பு நிறப் பூச்சியின் உண்மையான பெயர் என்ன, அது எங்கே பிறக்கிறது, ஏன் இந்த மாதத்தில் மட்டும் வருகிறது என்றெல்லாம் ஒழுங்காகக் கேள்வி கேட்ட ஆள் ஆல்ஃப்ரட் ரொனால்ட்ஸ். மின் தந்திக்கு முன்னோடியான ஃப்ரான்சிஸ் ரொனால்ட்ஸின் தம்பி. அண்ணன் கம்பியோடு மல்லுக்கட்டினார். தம்பி மீனோடு.

ஸ்டாஃபர்ட்ஷயரில் ப்ளைத் ஆற்றங்கரையில் ஒரு குடிசை கட்டினார் ரொனால்ட்ஸ். மீனுக்குத் தெரியாமல் மீனை வேவு பார்க்கும் குடிசை. உள்ளே உட்கார்ந்துகொண்டு அவர் செய்த சோதனைகளைக் கேட்டால் சிரிப்பு வரும். செத்த ஈக்களை எடுத்து, அவற்றில் மிளகாய்த்தூளையும் கடுகையும் தடவித் தண்ணீரில் விட்டார். டிரவுட்டுகள் அதையும் விழுங்கின. ஆக, ருசியைப் பற்றி மீன் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. மீனுக்குத் தெரியாத இடத்தில் துப்பாக்கியை வெடிக்க வைத்தார். மீன் அசையவில்லை. ஆக, கரையில் நின்று பேசினால் மீன் ஓடிவிடும் என்பதும் கட்டுக்கதை. அப்படியென்றால் மீன் எதை நம்பி வாழ்கிறது? கண்ணை. கண்ணை ஏமாற்ற வேண்டுமென்றால் பூச்சியைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1836-ல் ரொனால்ட்ஸின் புத்தகம் வந்தது. 'ஃப்ளை ஃபிஷர்ஸ் என்டமாலஜி'. தூண்டில்காரரின் பூச்சியியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது செப்புத் தகட்டுப் படங்கள். இந்தப் பக்கம் நிஜப்பூச்சி, அந்தப் பக்கம் பொய்ப்பூச்சி. தூண்டில்காரர்கள் வைத்த பட்டப்பெயரோடு விஞ்ஞானப் பெயரையும் சேர்த்துப் போட்டார். அடுத்த முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பதிப்புக்கு மேல் பதிப்பு கண்டது. எழுதியவரோ 1848-ல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து, 1860-ல் அங்கேயே இறந்துபோனார்.

அவருடைய வழியில் வந்தவர்கள் மெருகேற்றிய பாடம் ரொம்ப எளிது. ஓடைப் பூச்சிகளில் மூன்று குடும்பங்களைத் தெரிந்துகொண்டால் முக்கால் கிணறு தாண்டியாகிவிட்டது. ஏற்காட்டு ஓடையில் நீங்கள் புரட்டிய கல்லுக்கும் இதே பாடம் பொருந்தும் என்பதால் கவனமாகக் கேளுங்கள்.

முதல் குடும்பம், மேஃப்ளை. கல்லுக்கடியில் ஓடுகிற இதன் இளம்பூச்சிக்கு வயிற்றின் இரண்டு ஓரங்களிலும் வரிசையாகச் செவுள்கள், குட்டி இலைகள் மாதிரி படபடத்துக்கொண்டிருக்கும். வால் பெரும்பாலும் மூன்று. சிலவற்றுக்கு இரண்டுதான். அதனால் வாலை மட்டும் எண்ணிவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. காலைப் பாருங்கள். ஒவ்வொரு காலின் நுனியிலும் ஒரே ஒரு நகம்தான் இருக்கும்.

இரண்டாவது, ஸ்டோன்ஃப்ளை. கல் ஈ. இதற்கு எப்போதும் இரண்டு வால். கால் நுனியில் இரண்டு நகம். செவுள் இருந்தால் வயிற்றோரத்தில் இருக்காது. பெரும்பாலும் கால்கள் முளைக்கிற இடத்தில், அக்குள் முடி மாதிரி கொத்தாக இருக்கும்.

மூன்றாவது, காடிஸ். குழாய்க்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாரே, அவர்தான். புழு மாதிரி மெத்தென்ற உடம்பு. வாயிலிருந்து பட்டு நூல் விட்டு, மணலையும் இலைத் துணுக்கையும் ஒட்டி வீடு கட்டிக்கொள்வார். வீடு கட்டாத பங்காளிகளும் உண்டு. அவர்கள் கற்களுக்கு நடுவே சிலந்தி மாதிரி வலை விரித்து, அடித்துக்கொண்டு வருவதை வடிகட்டிச் சாப்பிடுவார்கள்.

சிறகு முளைத்து வெளியே வந்த பிறகும் அடையாளம் சுலபம். உட்கார்ந்திருக்கும்போது சிறகைப் பாய்மரம் மாதிரி நிமிர்த்தி வைத்திருந்தால் மேஃப்ளை. முதுகின் மேல் தட்டையாக மடித்து வைத்திருந்தால் கல் ஈ. ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரித்து வைத்திருந்தால் காடிஸ். பூச்சி கண்ணில் படவில்லையா? ஓடைக்கரைப் புதரில் சிலந்தி வலை இருக்கிறதா என்று பாருங்கள். நேற்று ராத்திரி யார் யார் பறந்தார்கள் என்ற வருகைப் பதிவேடு அதில் தொங்கும். தேர்ந்த தூண்டில்காரர்கள் பெட்டியைத் திறப்பதற்கு முன்பு இந்த வலையைத்தான் பார்ப்பார்கள்.

மூவரில் சோகக் கதாநாயகன் மேஃப்ளை. தண்ணீருக்கடியில் வாரக்கணக்காகவோ மாதக்கணக்காகவோ வளர்ந்து, ஒரு நாள் மேலே வந்து சிறகு முளைத்துப் பறக்கும். பறந்து போய் ஓர் இலையில் உட்கார்ந்து, மறுபடி ஒரு தடவை தோலை உரிக்கும். சிறகு முளைத்த பிறகும் தோலுரிக்கிற பூச்சி உலகத்தில் இது ஒன்றுதான். அதற்குப் பிறகு சாப்பாடு கிடையாது. சாப்பிட வேலை செய்கிற வாயே கிடையாது. கூடல், முட்டை, மரணம். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ ஆட்டம் க்ளோஸ். கிரேக்க மொழியில் 'ஒரு நாள்' என்று பொருள் வரும் சொல்லிலிருந்துதான் இதன் விஞ்ஞானப் பெயர் பிறந்தது. மழை விட்டதும் நம் தெருவிளக்கைச் சுற்றுகிற ஈசலை நினைத்துக்கொள்கிறீர்கள் அல்லவா? அது வேறு. கறையான் சாதி. தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதெல்லாம் இங்கிலாந்துச் சமாச்சாரம். நமக்கு எப்படி வந்தது?

1863-ம் வருஷத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் மே மாதம் 30-ம் தேதி, பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்கிற நிலவியல் அறிஞர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். கற்கால மனிதனின் கைக்கோடரி. இந்தியாவின் வரலாற்றுக்கு முந்தைய காலத்தை ஒரே கல்லில் பின்னோக்கித் தள்ளிய ஆள். ஓய்வுக்காலத்தை ஏற்காட்டில் கழித்தார். அவருடைய நினைவிடம் ஏற்காட்டின் ஹோலி டிரினிடி தேவாலயத்தில் இருக்கிறது.

அதே 1863-ல், அதே மதராஸ் ராஜதானியில், டாக்டர் ஃப்ரான்சிஸ் டே இன்னொரு வேலையில் இருந்தார். ராணுவ மருத்துவர். மீன் பைத்தியம். பிற்பாடு 'இந்தியாவின் மீன்கள்' என்கிற மகா புத்தகத்தை எழுதியவர். நீலகிரி ஓடைகளைப் பார்த்துவிட்டு, இங்கே டிரவுட் வளர்த்தால் என்ன என்று இங்கிலாந்திலிருந்து முட்டைகளைத் தருவிக்க முயன்றார். யோசித்துப் பாருங்கள். சூயஸ் கால்வாய் திறந்ததே 1869-ல்தான். பனிக்கட்டியில் பொதிந்து, கப்பல் மாற்றி, வெயிலில் வண்டி மாற்றி, ஊட்டிக்கு மேலே கொண்டுவர வேண்டும். முட்டைகள் தாங்கவில்லை. அடுத்தும் முயன்றார். அதுவும் தோல்வி.

வெள்ளைக்காரர்கள் விடுகிற ஆளா? 1877-ல் நீலகிரியில் வேட்டைக்கும் மீனுக்கும் சங்கம் வைத்தார்கள். 1879-ல் அதற்கென்றே மதராஸ் அரசு ஒரு சட்டம் போட்டது. 1907-ல் அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் எழுந்தது. ஹெச்.சி.வில்சன் என்கிற நிபுணர் பொறுப்பேற்றார். அதற்குள் இலங்கையின் நுவரெலியாவில் டிரவுட் காலூன்றியிருந்தது. காஷ்மீரிலும் 1900-ல் ஸ்காட்லாந்து முட்டைகள் பிழைத்துவிட்டன. அடுத்த சில வருஷங்களில் அமெரிக்காவின் பசிபிக் கரையைப் பூர்விகமாகக் கொண்ட ரெயின்போ டிரவுட், நீலகிரி ஓடைகளில் குடும்பம் நடத்த ஆரம்பித்தது. பிறகு மூணாறிலும்.

ஏற்காடு? அந்தப் போட்டியிலேயே இல்லை. டிரவுட்டுக்கு வருஷம் முழுக்க ஓடுகிற, 20 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாத தண்ணீர் வேண்டும். நீலகிரியின் மேட்டு ஓடைகள் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான். கோடையில் வெயில் 30 டிகிரியைத் தொட்டுவிடும், பல ஓடைகள் மெலிந்துவிடும். அதனால் கலெக்டர் காக்பர்ன் காலத்தில், 1820-களில் வந்த காப்பி இங்கே வேர் பிடித்தது. டிரவுட் வரவில்லை.

மீன் கப்பலேறி வந்தது. பொய்ப்பூச்சிப் பெட்டியும் வந்தது. நிஜப்பூச்சி வரவில்லை. வரவும் முடியாது. இங்கிலாந்தின் தூண்டில் பஞ்சாங்கத்தில் 'மார்ச் பிரவுன்' என்று ஒரு மேஃப்ளை. வசந்தத்தில் கூட்டமாகக் கிளம்பும். நீலகிரியில் அதைத் தேடினால் எங்கே கிடைக்கும்? அங்கே குளிர்காலம் எல்லாவற்றையும் அடக்கிவைத்து, வசந்தத்தில் கதவைத் திறந்துவிடுகிறது. நம் ஓடைகளில் அப்படி இல்லை. பல மேஃப்ளைகள் வருஷத்துக்குப் பல தலைமுறை எடுக்கும். ஒரே கல்லுக்கடியில் குழந்தையும் இருக்கும், நாளைக்குப் பறக்கப்போகிறதும் இருக்கும். இங்கே காலண்டரைக் கிழிப்பது பருவமழை. 400 வருஷப் பஞ்சாங்கம் மேட்டுப்பாளையத்துக்கு மேலே செல்லாக்காசு ஆகிவிட்டது.

அப்படியானால், நம் பூச்சிகளின் பெயர் என்ன? அவற்றை யார் எழுதியது?

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியாவுக்கு வந்தவர் எம்.டி.கில்லீஸ். மருத்துவர். பின்னாளில் ஆப்பிரிக்காவின் மலேரியாக் கொசுக்களைப் பற்றி உலகத்துக்கே பாடம் எடுத்தவர். மனசு மட்டும் மேஃப்ளையில். 1949-லும் 1951-லும் இந்திய மேஃப்ளைகளைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். தன் சுயசரிதைத் தலைப்பில்கூட மேஃப்ளையை விடவில்லை.

அதற்குப் பிறகு, மதுரை. கே.ஜி.சிவராமகிருஷ்ணன் என்கிற விலங்கியல் பேராசிரியர். மேற்குத்தொடர்ச்சி மலை ஓடைகளில் கல் புரட்ட ஆரம்பித்தவர். 1984-ல் ஒரு புதிய மேஃப்ளைப் பேரினத்தை உலகத்துக்கு அறிவித்தார். பேரினத்தின் பெயர் 'பீட்டர்சுலா'. புளோரிடாவின் மேஃப்ளை அறிஞர் பீட்டர்ஸை நினைவுபடுத்துகிற பெயர். அதன் இனப்பெயர்தான் விசேஷம். 'கோர்ட்டலென்சிஸ்'. ஆமாம், குற்றாலம்! நீங்களும் நானும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு தலையைக் கொடுக்கிற அதே குற்றாலம். மறு வருஷம் 'எட்மண்ட்சுலா' என்று இன்னொரு பேரினம். குற்றாலத்துக் கல்லுக்கடியில் காலங்காலமாக இருந்த ஒரு ஜீவனுக்கு, 1984-ல்தான் பெயர் சூட்டு விழா நடந்திருக்கிறது.

'சரி ஐயா, பெயர் வைத்தாயிற்று. அதனால் யாருக்கு என்ன லாபம்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நான் பி.காம். படித்தவன். லாப நஷ்டக் கணக்கு பார்க்காமல் எந்த விஷயத்தையும் விடமாட்டேன். பார்ப்போம்.

ஓர் ஓடை நல்லா இருக்கிறதா, கெட்டுவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம். ரிப்போர்ட் வரும். ஆனால், அது பாட்டில் பிடித்த அந்த நிமிஷத்தின் கதை. பேங்க்கில் இன்று காலை எவ்வளவு பேலன்ஸ் என்று சொல்கிற சீட்டு மாதிரி. முந்தாநாள் ராத்திரி யாரோ ஒரு லாரிக் கழிவை ஓடையில் திறந்துவிட்டிருந்தால், இன்று காலை தண்ணீர் பளிங்கு மாதிரி ஓடும். ரிப்போர்ட்டில் எல்லாம் ஓகே.

கல்லுக்கடியில் இருக்கிறவர் கதை வேறு. அவர் வாரக்கணக்காக, மாதக்கணக்காக அங்கேயே குடியிருக்கிறார். ராத்திரி லாரி வந்தபோதும் அங்கேதான் இருந்தார். எழுந்து வேறு ஊருக்குப் போக முடியாது. அவருடைய செவுளுக்கு ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர் வேண்டும். சாக்கடை கலந்தால் அதைத் தின்கிற பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைக் காலி செய்துவிடும். மேலே மரத்தை வெட்டி மண்ணைக் கிளறினால், வண்டல் வந்து கற்களின் இடுக்கை அடைத்துவிடும். இரண்டில் எது நடந்தாலும் அவர் காலி. ஆக, அவர் உயிரோடு இருக்கிறார் என்றால் கடந்த சில மாதக் கணக்கு நேராக இருக்கிறது என்று அர்த்தம். அவர் இல்லையென்றால் ஏதோ ஒரு பக்கத்தை யாரோ கிழித்திருக்கிறார்கள்.

வருஷக் கணக்கை இப்படிப் பார்க்கிறவருக்கு நாம் வைத்திருக்கிற பெயர், ஆடிட்டர்.

பிரிட்டனில் 1976-ல் இதற்கென்று ஒரு குழு அமைத்தார்கள். அவர்கள் தயாரித்த அட்டவணையில் ஒவ்வொரு பூச்சிக் குடும்பத்துக்கும் மார்க். பத்துக்கு இத்தனை. கல்லோடு கல்லாக ஒட்டிக்கொள்ளும் தட்டை மேஃப்ளைக் குடும்பத்துக்கு 10. கல் ஈக்களின் பெர்லிடே குடும்பத்துக்கும் 10. வலை விரிக்கிற காடிஸுக்கு 5. மீன்குஞ்சு மாதிரி விருட்டென்று நீந்துகிற இன்னொரு மேஃப்ளைக் குடும்பத்துக்கு வெறும் 4. சேற்றில் நெளிகிற கொசு போன்ற பூச்சியின் சிவப்புப் புழுவுக்கு 2. அந்தப் புழுவின் சிவப்புக்குக் காரணம், நம் ரத்தத்தில் இருக்கிற அதே ஹீமோகுளோபின் வகை. கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் பிடித்துவைத்து, சாக்கடையிலும் சமாளித்துவிடும்.

கவனித்தீர்களா? 'மேஃப்ளை இருக்கிறது, அப்பாடா' என்று நிம்மதியாகக் கிளம்ப முடியாது. எந்த மேஃப்ளை? 10 மார்க்கா, 4 மார்க்கா? வாலை எண்ணு, நகத்தைப் பார், செவுள் எங்கே என்று தேடு என்று தூண்டில்காரர்கள் பழகிய வித்தையின் விலை இங்கேதான் தெரிகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் டச்சு ஒத்துழைப்போடு யமுனையில் இதைச் சோதித்து, இந்திய ஆறுகளுக்கு ஏற்றபடி அட்டவணையை மாற்றி அமைத்தது. பிரிட்டிஷ் அட்டவணையை அப்படியே இறக்குமதி செய்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் மார்ச் பிரவுன் கதை இருக்கிறதே.

இன்னொரு தகவலும் உண்டு. 2007-ல் பிரிட்டனின் தூண்டில்காரர்கள் தாங்களே ஒரு திட்டத்தில் இறங்கினார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் தங்கள் ஆற்றில் வலைபோட்டுப் பூச்சிகளை எண்ணுவது. எண்ணிக்கை ஒரு வரம்புக்குக் கீழே போனால் உடனே அரசாங்கத்துக்குத் தகவல் சொல்வது. பயிற்சி கொஞ்ச நேரம்தான். ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு வலை, ஒரு வெள்ளைத் தட்டு, பார்க்கத் தெரிந்த இரண்டு கண். மீனை ஏமாற்றக் கற்ற வித்தை, ஆற்றைத் திருடுகிறவனைப் பிடிக்கிற வித்தையாகிவிட்டது.

இனி, ஏற்காடு.

டிரவுட் இல்லாததால் ஏற்காட்டு ஓடையை யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை. அதனால் என்ன? ஓடை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஏரி நிறைந்தால் தண்ணீர் கிளியூர் அருவியாக விழுகிறது. சேர்வராயன் மலையில் பிறக்கும் ஓடைகள் சேர்ந்து, ஒரு பக்கம் சரபங்கா நதியாக ஓமலூர்ப் பக்கம் போகிறது. இன்னொரு பக்கம் திருமணிமுத்தாறாகச் சேலத்துக்குள் நுழைகிறது. இரண்டும் கடைசியில் காவிரி.

திருமணிமுத்தாறு. பெயரிலேயே மணியும் உண்டு, முத்தும் உண்டு. சேலத்துக்காரர்களைக் கேளுங்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்வார்கள் கதையை. வீட்டுச் சாக்கடையும் சாயக் கழிவும் கலந்து, பாலத்தைத் தாண்டுகிற வெளியூர்க்காரர் அதை ஆறு என்று நம்பவே மாட்டார். அந்த ஆறு பிறக்கிற மலையில் கல்லைப் புரட்டினால் 10 மார்க்காரரைத் தேடலாம். நகரத்தின் நடுவே தேடினால் 2 மார்க்காரர்தான் வரவேற்பார். நடுவில் இருக்கிற தூரம் சில பத்து கிலோமீட்டர்தான்.

எந்த இடத்தில் 10 எட்டாகிறது, எட்டு நாலாகிறது? எந்த ரிசார்ட்டின் குழாய்க்குக் கீழே, எந்தத் தோட்டத்தின் சரிவுக்குக் கீழே, எந்தக் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில்? இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கமிஷன் எதுவும் வேண்டியதில்லை. ஏற்காட்டிலும் சேலத்திலும் பள்ளிக்கூடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை. ஒரு விலங்கியல் வாத்தியார், பத்து பிள்ளைகள், வடிகட்டி மாதிரி ஒரு வலை, ஒரு வெள்ளைத் தட்டு, நோட்டுப் புத்தகம். மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழைக்குப் பின்னால் ஒரு தடவை. ஐந்து வருஷம் எழுதினால், எந்தக் கோர்ட்டிலும் காட்டத்தக்க ஒரு கணக்குப் புத்தகம் கையில் இருக்கும். சாட்சிகள் சம்பளம் கேட்க மாட்டார்கள். லஞ்சம் வாங்கவும் மாட்டார்கள், அவர்களுக்குத்தான் வளர்ந்த பிறகு வாயே கிடையாதே!

மலைக்குப் போகிற நீங்களும் ஆரம்பிக்கலாம். பாசிக் கல் வழுக்கும், பார்த்து இறங்குங்கள். மழை பெய்துகொண்டிருந்தால் இறங்கவே இறங்காதீர்கள். கல்லை எடுங்கள். பத்து விநாடி பொறுங்கள். வாலை எண்ணுங்கள், நகத்தைப் பாருங்கள், செவுளைத் தேடுங்கள். குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கல்லை எடுத்த இடத்தில், எடுத்த பக்கமே வைத்துவிடுங்கள். ஆடிட்டர் வேலையில் இருக்கிறார்.